கோடையில் கோல்ஃப் புல்தரையைக் காப்பாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெயில் ஏறத் தொடங்கியதும் புல்தரை பராமரிப்பவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. சில, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பவை. சில, ஆட வருகிறவர்கள் கேட்பவை. முதலில் மூன்று சொற்கள். குழியும் கொடியும் இருக்கிற, கம்பளம்போல் ஒட்ட வெட்டிய புல்தரை கிரீன். அதை நோக்கிப் போகும் நீண்ட நடுவழி ஃபேர்வே. இரண்டு பக்கமும் உயரமாக விட்டிருக்கும் புல் ரஃப். பதில்களில் பெரும்பகுதி கிரீனைப் பற்றித்தான். பரப்பில் அது சிறியது. ஆனால் கோடையில் முதலில் அடிபடுவதும் அதுதான், போனால் மீட்டெடுக்க அதிக நாள் பிடிப்பதும் அதுதான்.

வெயில் என்றால் எல்லாப் புல்லும் வாடத்தானே செய்யும்?

அப்படி இல்லை. பென்ட், ரை, போவா, ஃபெஸ்க்யூ எல்லாம் குளிர்காலப் புற்கள். காற்றின் வெப்பம் 16 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போதுதான் இவை செழித்து வளரும். பெர்முடா, சோய்சியா, பஸ்பாலம் ஆகியவை வெப்பகாலப் புற்கள். 27 முதல் 35 டிகிரி வரை இவற்றுக்குக் கொண்டாட்டம். பெர்முடா என்பது வேறொன்றும் இல்லை, அருகம்புல்தான். கோல்ஃப் மைதானங்களில் பெரும்பாலும் போடுவது அதை ஓர் ஆப்பிரிக்க அருகோடு ஒட்டி உருவாக்கிய கலப்பினங்கள். 1960-இல் வெளிவந்த டிஃப்வே 419 அப்படிப்பட்ட ஒன்று. இன்றும் பல ஃபேர்வேக்களில் அதுதான் இருக்கிறது.

வெப்பம் ஏறும்போது குளிர்காலப் புல்லின் இலைக்குள் ஒரு கோளாறு நடக்கிறது. கரியமில வாயுவைப் பிடித்து உணவாக்க வேண்டிய நொதி, ஆக்சிஜனையும் அதிகமாகப் பிடிக்க ஆரம்பிக்கிறது. உழைப்பில் ஒரு பங்கு வீணாகப் போகிறது. அதே நேரம் சுவாசம் கூடுவதால் சேமித்து வைத்த சர்க்கரையும் கரைகிறது. வரவு குறைந்து செலவு ஏறினால் புல் முதலில் கைவிடுவது வேரை. வசந்தத்தில் ஒரு சாண் இறங்கியிருந்த வேர், கோடையின் நடுவில் இரண்டு விரற்கடைக்குச் சுருங்கிவிடும். வெப்பகாலப் புல்லிடம் இந்தக் கோளாறு அநேகமாக இல்லை. அதன் இலை கரியமில வாயுவை நொதியின் பக்கத்திலேயே குவித்து வைத்துக்கொள்கிறது.

அதனால் வானிலை அறிக்கையில் சொல்லும் வெப்பத்தைவிட, மண்ணின் வெப்பத்தைப் பாருங்கள். பென்ட் புல்லின் வேருக்குப் பிடித்தது 10 முதல் 18 டிகிரி. ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்து, நாள் கணக்காக 27-ஐத் தாண்டி நின்றால் வேர் தேய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்?

இதற்கு ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் வசதியாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கைப் புரிந்துகொள்வதுதான் உதவும். கோடையில் புல்லும் மண்ணும் சேர்ந்து ஒரு நாளில் ஆவியாக விடுவது சுமார் 5 முதல் 8 மில்லிமீட்டர் தண்ணீர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். அப்படியானால் 500 சதுர மீட்டர் கிரீன் ஒன்று, 6 மில்லிமீட்டர் இழக்கும் நாளில் 3,000 லிட்டரை இழக்கிறது. அதை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. முக்கால் பங்கு கொடுத்தால் பெரும்பாலான புல்தரைகள் தாங்கும்.

பயிருக்குச் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும்தான் ஃபேர்வேக்கும் பொருந்தும். ஆழமாக நனைய விடுங்கள், பிறகு காய விடுங்கள். தண்ணீரைத் தேடி வேர் கீழே போகும். தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே சோம்பிக் கிடக்கும்.

கிரீனில் மட்டும், கோடை உச்சத்தில், இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கும். வேர் ஏற்கெனவே நான்கு சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிட்டது என்றால், இருபது சென்டிமீட்டர் ஆழத்தில் தண்ணீர் இருந்து யாருக்கு லாபம்? அப்போது வேர் இருக்கும் இடத்துக்கு மட்டும், சிறிய அளவில், தேவைப்படும் திட்டுகளில் மட்டும் ஹோஸ் பிடித்துத்தான் ஊற்ற வேண்டும். தெளிப்பான் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே அளவைத்தான் கொடுக்கும். மேடு காயும், பள்ளம் ஊறும். கையில் ஹோஸோடு நிற்கிற ஒரு நல்ல ஆளுக்கு ஈடான கருவியை நான் இதுவரை பார்க்கவில்லை.

நேரம் என்றால் விடியலுக்கு முன். காற்று அடங்கியிருக்கும், ஆவியாவது குறைவு, இலை ஈரமாக இருக்கும் நேரமும் நீளாது. சாயங்காலமே விட்டுவிட்டால் இரவெல்லாம் இலை நனைந்து கிடக்கும். பூஞ்சைக்கு அதைவிட என்ன வேண்டும்?

கூடுதலாகத் தண்ணீர் விட்டால் குளிர்ச்சிதானே, என்ன கெட்டுப்போகும்?

எல்லாம் கெட்டுப்போகும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மண்ணின் நுண்துளைகளில் தண்ணீர் நிறைந்தால் காற்றுக்கு இடம் இல்லை. வேருக்கு ஆக்சிஜன் வேண்டும். வெப்பம் ஏற ஏற இன்னும் அதிகமாக வேண்டும். அந்த நேரம் பார்த்து அதை அடைத்துவிடுகிறோம். போதாததற்கு, ஈரமண் வெப்பத்தை நன்றாகவே கீழே கடத்தும், இரவிலும் எளிதில் ஆறாது. மூச்சு முட்டிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் ஊறிக்கிடக்கும் மண்ணிலேயே புல் வாடும். ஈரவாடல் என்பது இதுதான். இலை துவள்வதைப் பார்த்துவிட்டு, அவசரத்தில் இன்னும் தண்ணீர் ஊற்றுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் நானும் அதைச் செய்தேன். மறுநாள் அனல் காற்று வரும் என்றார்கள். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று, தாழ்வான ஒரு கிரீனுக்கு இரவில் இன்னொரு சுற்று தெளிப்பானை ஓடவிட்டேன். அடுத்த இரண்டு இரவும் அப்படியே. நான்காம் நாள் காலையில் கத்தியால் ஒரு சிறு கட்டியை அறுத்தெடுத்தபோது, மேலிருந்து இரண்டு விரல் கீழே மணலில் கரிக்கோடு போட்டதுபோல் ஒரு கறுப்புப் பட்டை. மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை நாற்றம். காற்றில்லாத மண்ணில் கந்தகம் கெடும்போது வருகிற நாற்றம் அது. வேரைத் தொட்டதும் தோல் உரிந்து விரலில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பள்ளத்தில் புல் மறுபடியும் மூட மழைக்காலம் வரை ஆனது. காய்ந்த புல்லுக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றலாம். மண்ணில் ஊறிய தண்ணீரைத் திருப்பி எடுக்க வழியே இல்லை.

மத்தியான வெயிலில் தெளித்தால் துளி லென்ஸ்போல் வேலை செய்து இலை கருகும் என்கிறார்களே?

புல் போன்ற வழவழப்பான இலைகளில் அப்படி நடப்பதில்லை. இலையில் ஒட்டிப் படிந்திருக்கும் துளி, ஒளியை இலையின் மேலேயே குவிப்பதில்லை. கூடவே குளிர்ச்சியையும் தருகிறது. தாராளமாகத் தெளிக்கலாம். ஆனால் இந்தத் தெளிப்பு பாசனம் இல்லை. இலை மட்டும் நனைய வேண்டும், மண் நனையக் கூடாது. ஹோஸ் முனையை மேலே தூக்கி, தண்ணீர் பூமழையாக விழும்படி ஒரு சில நிமிடத்தில் கிரீனைச் சுற்றி வந்துவிடுவார்கள். இலைமேல் இருக்கும் அந்தப் படலம் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும்.

இதில் கிடைக்கும் ஆறுதல் கொஞ்ச நேரத்துக்குத்தான். காற்றே இல்லாமல் புழுக்கமாக இருக்கும் நாளில் அதுவும் கிடைக்காது. தண்ணீர் ஆவியாகவே மறுக்கும். மரங்கள் சூழ்ந்த மூலையில் இருக்கும் கிரீன்களுக்குப் பெரிய மின்விசிறிகளை நிறுத்துவது அதனால்தான். விசிறியும் மெல்லிய தெளிப்பும் சேர்ந்தால் பலன் நன்றாகவே தெரியும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் விசிறியைக் கேட்பேன்.

புல் வாடப்போகிறது என்பதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

நடந்து பாருங்கள். நன்றாக இருக்கும் புல், காலை எடுத்ததும் நிமிர்ந்துகொள்ளும். தண்ணீர்ப் பஞ்சம் வந்த புல் நிமிராது. பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தால் உங்கள் தடம் வரிசையாக அப்படியே இருக்கும். நிறமும் மாறும். பச்சையில் ஒரு சாம்பல் நீலம் கலந்து, கத்தரிப்பூச் சாயை ஓடும். வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில், கிரீனின் ஒரு ஓரத்தில் குனிந்து பார்த்தால் அந்தத் திட்டு தனியாகத் தெரியும். அதைப் பார்த்த பிறகு உங்கள் கையில் இருப்பது மணிக்கணக்கு இல்லை, நிமிடக்கணக்கு.

ஈரமானி இருந்தால் நல்லது. இரண்டு கம்பியை மண்ணில் குத்தினால், மண்ணில் நூற்றுக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்று காட்டும். வேறு மைதானத்தின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கிரீனில் புல் துவளத் தொடங்கும்போது அது எதைக் காட்டுகிறது என்று நான்கைந்து நாள் குறித்து வையுங்கள். அதுதான் உங்கள் எல்லைக்கோடு.

சுற்றிலும் பச்சை, நடுவில் ஒரு திட்டு மட்டும் காய்ந்தே கிடக்கிறது. எவ்வளவு ஊற்றினாலும் ஏறவில்லை. ஏன்?

கிரீனுக்கு அடியில் இருக்கும் மணல் தண்ணீரை வெறுக்கத் தொடங்கிவிட்டது. மட்கும் வேரும் செத்தையும் விடுகிற மெழுகு போன்ற பொருள் மணல் துகள்களின்மேல் பூசிக்கொள்கிறது. அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்காமல் பக்கவாட்டில் ஓடிப் பச்சைத் திட்டுக்கே போய்ச் சேரும். சோதிப்பது சுலபம். ஒரு மண் உருளையை எடுத்து நன்றாக உலரவிட்டு, கிடையாக வைத்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள். நல்ல மண் என்றால் சொட்டு உடனே மறைந்துவிடும். ஐந்து விநாடிக்கு மேல் தாமரை இலைத் தண்ணீர்போல் முத்தாக உட்கார்ந்திருந்தால், அந்த ஆழம் வரை சிக்கல் என்று அர்த்தம்.

ஈரமூட்டிகள் இதற்கென்றே இருக்கின்றன. சோப்பு வேலை செய்வதுபோலத்தான் அவையும். திட்டு தெரிந்த பிறகு போடுவதைவிட, கோடைக்கு முன்பே தொடங்கிச் சீரான இடைவெளியில் போடுவது மேல். மெல்லிய துளைகள் குத்தி, ஊற்றிய பின் தண்ணீர் விட்டு உள்ளே இறக்கிவிடுங்கள். இலையில் தங்கவிட்டால் வெயிலில் சுட்டுவிடும்.

எந்த உயரத்தில் வெட்டுவது? உயர்த்தினால் பந்து மெதுவாக ஓடுகிறது என்று சண்டைக்கு வருகிறார்களே?

உயர்த்துங்கள். வழக்கமாக 3 மில்லிமீட்டரில் வெட்டும் கிரீனை 3.5 அல்லது 4-க்குக் கொண்டுபோனால், கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூடுதல் இலைதான் வேருக்குச் சோறு போடுகிறது. அரை மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றும். மொத்தமே மூன்று மில்லிமீட்டர் உள்ள செடிக்கு அது ஆறில் ஒரு பங்கு.

வேகம் குறையும் என்ற கவலைக்கு உருளை இருக்கிறது. ஒரு நாள் வெட்டிவிட்டு மறுநாள் வெட்டாமல் உருட்டினால் பந்து நன்றாகவே ஓடும், இலையும் மிஞ்சும், காலைப் பனியும் துடைபடும். பந்தின் ஓட்டத்தை அளக்க எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935-இல் உருவாக்கிய சரிவுப் பட்டையான ஸ்டிம்ப்மீட்டர் உங்களிடம் இருந்தால், உயர்த்துவதற்கு முன்னும் பின்னும் அளந்து காட்டுங்கள். பெரும்பாலும் சண்டை அத்தோடு முடிந்துவிடும்.

பிளேடு கூராக இருக்கட்டும். மழுங்கிய பிளேடு வெட்டாது, பிய்க்கும். பிய்ந்த நுனி வெளுத்து, தண்ணீரையும் அதிகமாக இழக்கும். ஓரத்தைச் சுற்றி வெட்டும் வளையத்தைத் தினமும் ஓட்ட வேண்டாம். இயந்திரம் ஒரே தடத்தில் திரும்பித் திரும்பி அங்கேதான் முதலில் புல் தேயும். ஏற்கெனவே வாடியிருக்கும் கிரீனில், அன்றைக்கு இயந்திரத்தை இறக்கவே இறக்காதீர்கள்.

வெளிறிப்போயிருக்கிறது. உரம் கொஞ்சம் தூக்கலாகப் போடலாமா?

குளிர்காலப் புல்லுக்கு வேண்டாம். தழைச்சத்தை மொத்தமாகக் கொட்டினால் இலை பாய்ந்து வளரும், அதற்கான செலவை வேர் கொடுக்கும். சுத்தமாக நிறுத்தினாலும் தப்பு. மெலிந்த புல்லில் டாலர் ஸ்பாட், ஆந்த்ராக்னோஸ் போன்ற நோய்கள் எளிதில் ஏறும். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சதுர மீட்டருக்கு அரை கிராம் தழைச்சத்து என்ற அளவில், கரைத்துத் தெளிப்பது நல்ல வழி. குழந்தைக்குக் கரண்டியால் ஊட்டுவதுபோல. பெர்முடாவுக்குக் கோடைதான் விருந்துக்காலம். அதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

துளைபோடுவது, மணல் தூவுவது எல்லாம் கோடையில் செய்யலாமா?

பெர்முடாவுக்குக் கோடையின் தொடக்கம்தான் சரியான நேரம். சில வாரத்தில் மூடிக்கொள்ளும். பென்ட் புல்லுக்குப் பெரிய துளைகளை வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் ஊசி போன்ற மெல்லிய கம்பிகளால் குத்தினால் போதும். மண் வெளியே வராது, மறுநாளே ஆடலாம், வேருக்கு மூச்சு கிடைக்கும். மணலைத் தூவி, காய்ந்த இலைமேல் பிரஷ் போட்டுத் தேய்ப்பதை மட்டும் சூடு தணியும்வரை தள்ளிப்போடுங்கள்.

கோடையில் எந்த நோய்க்கு அதிகம் பயப்பட வேண்டும்?

பித்தியம். இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்காமல், காற்றும் ஈரமாக இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். காலையில் பார்த்தால் எண்ணெய் சிந்தியதுபோல் கருத்த, வழவழப்பான திட்டுகள். பனி இருக்கும்போதே போனால் அதன்மேல் பஞ்சுபோல் வெள்ளை இழைகள். தண்ணீர் ஓடும் திசையிலும், வெட்டும் இயந்திரம் போன கோட்டிலும் அப்படியே நீளும். ஓரிரு நாளில் ஒரு கிரீனைத் தின்றுவிடும். ஈரமாக இருக்கும்போது அந்தப் பக்கம் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. மருந்து உடனே வேண்டும்.

பிரவுன் பேட்ச் நோய்க்கும் இதே வெப்பமான இரவுகள்தான் பிடிக்கும், ஆனால் அது இவ்வளவு அவசரக்காரன் இல்லை. காசு அளவுக்கு வெளிறிய வட்டங்களைப் போடும் டாலர் ஸ்பாட்டுக்கு, நீண்ட கழியால் காலைப் பனியைத் தட்டிவிடுவதே பாதி மருந்து. எந்த மருந்தானாலும் அதிகாலையில் அடியுங்கள். களைக்கொல்லியை 30 டிகிரிக்கு மேல் தொடாமல் இருப்பது நல்லது.

கிரீனுக்குப் பக்கத்தில் மரநிழல் இருந்தால் புல்லுக்கு இதம்தானே?

நமக்கு இதம், புல்லுக்கு இல்லை. காலை வெயில் கிடைக்காமல் போகும், காற்று தடைபடும், மரத்தின் வேர் தண்ணீரிலும் பங்கு கேட்கும். மரத்தையே வெட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. கிழக்குப் பக்கக் கிளைகளையும் கீழ்க்கிளைகளையும் கழித்தாலே அந்த மூலைக் கிரீனின் முகம் மாறும்.

எங்கள் தண்ணீரில் உப்பு அதிகம். என்ன செய்வது?

தினமும் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் போய்விடும், உப்பு மேலேயே தங்கும். அவ்வப்போது ஒரே மூச்சில் நிறையத் தண்ணீர் விட்டு உப்பை வேருக்குக் கீழே கழுவி இறக்க வேண்டும். வடிகால் நன்றாக இருந்தால்தான் இது பலிக்கும். அதற்கு முன்னால் ஊசித்துளை போட்டுக்கொள்ளுங்கள். புதிதாகப் புல் போடும் வாய்ப்பு இருந்தால் கடற்கரைப் பஸ்பாலம் உப்பை நன்றாகத் தாங்கும்.

ஃபேர்வே முழுக்கப் பழுப்பாகிவிட்டது. செத்துவிட்டதா?

பெரும்பாலும் தூங்குகிறது. ஒரு பிடி புல்லைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பிடிவாதமாக நின்றால் உயிர் இருக்கிறது. தூரைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் மழைக்குத் துளிர்க்கும். காகிதம்போல் உலர்ந்து நொறுங்கினால் போய்விட்டது. உறக்கம் ஒரு மாதத்துக்கு மேல் நீண்டால், பச்சையாக்க அல்ல, தூர் காயாமல் இருக்க மட்டும், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை 12 மில்லிமீட்டர் தண்ணீர் கொடுங்கள்.

பழுப்பைப் பார்த்து வெட்கப்படவும் வேண்டாம். 2006-இல் இங்கிலாந்தின் ராயல் லிவர்பூல் மைதானத்தில் நடந்த ஓபன் கோல்ஃப் போட்டியில் தரை வைக்கோல் நிறத்தில்தான் இருந்தது. பந்து விழுந்து அவ்வளவு தூரம் உருண்டதால், கோப்பையை வென்ற டைகர் வுட்ஸ், பந்தை அதிக தூரம் அடிக்க எடுக்கும் டிரைவர் என்ற மட்டையை நான்கு நாளிலும் சேர்த்து ஒரே ஒரு முறைதான் எடுத்தார். ஆட்டம் அழகாகவே இருந்தது.

ஆட வருகிறவர்கள் ஏதாவது உதவ முடியுமா?

நிறைய. வண்டியை வாடிய புல்மேல் ஓட்டாமல் இருந்தாலே பெரிய உதவி. காலையில் ஓட்டிய வண்டியின் இரண்டு சக்கரத் தடமும், இரண்டு நாளில் பழுப்புத் தண்டவாளம்போல் தெரியும். பல வாரம் மறையாது. பந்து விழுந்த குழியை, முள்கருவியால் நடுவை நோக்கித் தள்ளிச் சரிசெய்யுங்கள். அடியிலிருந்து நெம்பினால் வேர் அறுந்துவிடும். கிரீனில் ஒருவர் ஹோஸோடு நின்றால், தயவுசெய்து இரண்டு நிமிடம் பொறுங்கள்.

வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு என்ன ஏற்பாடு?

புல்லுக்குச் சொன்னதைவிட இதில் கண்டிப்பு வேண்டும். கடினமான வேலைகளை விடியலில் தொடங்கி, உச்சிவெயிலுக்கு முன் முடித்துவிட வேண்டும். புதிதாக வருகிறவரின் உடல் வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு இன்னொரு பங்கு என்று கூட்டுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். மருந்து தெளிக்கிறவர் முழு உடுப்பில் இருப்பதால் அவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

யாராவது உளறினால், தள்ளாடினால், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது களைப்பு இல்லை, வெப்பத்தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வியர்வை இருக்கிறதே என்று நம்பி விட்டுவிடாதீர்கள். வியர்த்துக்கொண்டிருக்கும்போதும் அது வரும்.

சூடு தணிந்துவிட்டது. உடனே பழைய உயரத்துக்கு இறக்கலாமா?

பொறுங்கள். பகல் தணிந்தாலும் மண் ஆற நாளாகும். பென்ட் கிரீனில் இரவுகள் குளிரத் தொடங்கி, புது வேர் வெள்ளையாக இறங்குவதைக் கட்டியை அறுத்துக் கண்ணால் பார்த்த பிறகு, பெரிய துளைகளைப் போட்டு, மணல் நிரப்பி, வெறுமையான திட்டுகளில் விதை விடுங்கள். உயரத்தைக் கடைசியில், கால் மில்லிமீட்டர் கால் மில்லிமீட்டராக இறக்கிக்கொள்ளலாம்.